மூன்றேமுக்கால் மலை

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் இரவு, டென்வரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. அங்கே ஒருவர் கேட்டார்: "ஒரே நாள்ல எத்தனை சிகரம் ஏறினீங்க?" நான் "நாலு" என்றேன். அதே நொடியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் "மூணு" என்றான். கேட்டவர் சிரித்தார். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டார். அவருக்கு அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. எனக்கு இன்னும் முடியவில்லை. நான் ஏன் நாலு என்றேன்?

இதில் வேடிக்கை, எண்ணுகிற பழக்கம் அவனுடையது. அதைக் கிண்டல் செய்கிற பழக்கம் என்னுடையது. கல்லூரியிலிருந்தே அப்படித்தான். மாடி ஏறினால் படியை எண்ணுவான், கூட்ஸ் வண்டி போனால் பெட்டியை எண்ணுவான். பேசிக்கொண்டே எண்ணுவான், அதுதான் எரிச்சல். கொலராடோவில் வேலை கிடைத்துப் போனதும் அந்தக் குணத்துக்கு ஏற்ற இடம் வாய்த்துவிட்டது. அங்கே 14,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ‘ஃபோர்ட்டீனர்’ என்கிறார்கள். ஒவ்வொன்றாக ஏறிப் பட்டியலில் அடித்துக்கொண்டே வருவது பலருக்கு வருடக்கணக்கான வேலை. 1923லேயே கார்ல் பிளாராக், வில்லியம் எர்வின் என்று இரண்டு பேர் அன்றைக்குத் தெரிந்திருந்த அத்தனையையும் ஏறி முடித்திருக்கிறார்கள். என் நண்பன் அதற்கென்று ஒரு எக்செல் கோப்பு வைத்திருக்கிறான். மலையின் பெயர், உயரம், தேதி, புறப்பட்ட நேரம், உச்சி தொட்ட நேரம், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். "மலையைப் பார்க்கப் போறியா, கணக்கு எழுதப் போறியா?" என்று ஃபோனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ரெண்டும்தான்" என்பான், கோபமே வராமல்.

போன ஆகஸ்டில் அவன் கூப்பிட்டான். ஒரே நடையில் நாலு மலை. டெமோக்ராட், கேமரன், லிங்கன், ப்ராஸ். நாலு பெயரிலும் முதல் எழுத்துகளைப் பிய்த்துக் கோத்து ‘டெகாலிப்ரான்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்; காய்ச்சல் மாத்திரை மாதிரி இருக்கிறது. மொத்தம் ஏழு மைல் சுற்று. காரை நிறுத்தும் கைட் ஏரியே 12,000 அடியில் இருப்பதால், நாலு மலைக்கும் சேர்த்து 3,500 அடி வாக்கில் ஏறினால் போதும். நான் இருப்பது ஹூஸ்டனில். அங்கே மேம்பாலம்தான் மலை. "உனக்கு இது சரியா இருக்கும்டா, சுலபமான நாலு" என்றான். சுலபமான நாலு என்று ஒன்று இருக்க முடியுமா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கையெழுத்து

விடிகாலை இரண்டரைக்குக் கிளம்பி, ஃபேர்பிளே, ஆல்மா தாண்டி, கரடுமுரடான மண்சாலையில் குலுங்கி ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு. ஆகஸ்டிலும் கை விறைக்கும் குளிர். அங்கே ஒரு பலகையில் க்யூஆர் கோடு. அதைப் படம் பிடித்தால் ஒரு படிவம் திறக்கும். "எனக்கு ஏதாவது ஆனால் நிலத்துக்காரர் பொறுப்பல்ல" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்று நண்பன் முந்தின இரவே வீட்டில் உட்காரவைத்து என்னைக் கையெழுத்துப் போட வைத்திருந்தான். நான் வழக்கம்போலப் படிக்காமல் போட்டேன். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். கொட்டாவி விட்டுக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

மலைக்கு ஏது நிலத்துக்காரர் என்று கேட்டேன். வழி நெடுக அவன் சொன்ன கதை அதுதான். 1870களில் இந்த மலைகளில் வெள்ளி கிடைத்தது. அந்தக் காலத்துச் சுரங்கச் சட்டப்படி, பட்டா வாங்கிய துண்டு துண்டான நிலம் இன்றும் தனியார் கையில் இருக்கிறது. உச்சிகூட அதில் அடக்கம். சுரங்கம் மூடி நூறு வருடம் ஆனாலும் குழிகள் அப்படியே கிடக்கின்றன. யாராவது விழுந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று பயந்து 2005ல் நாலு மலையையும் மூடினார்கள். பிறகு ஆல்மா என்ற சிற்றூரே உச்சிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பாதையைத் திறந்தது. 2019ல் இன்னொரு பயம் வந்தது. அதே மாநிலத்தில், வேறொரு இடத்தில், பாதையில் இருந்த பள்ளத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்பதற்காக, அடிபட்ட சைக்கிள்காரருக்குப் பல மில்லியன் டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்ற தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நின்றுவிட்டது. மலைக்காரர்கள் மறுபடி கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு வந்ததுதான் இந்தக் கையெழுத்து. 2023ல் ஒரு நிலப் பாதுகாப்பு அமைப்பு டெமோக்ராட்டின் உச்சியையும் சேர்த்து 289 ஏக்கரை விலைக்கு வாங்கி வனத்துறையிடம் கொடுத்தது. 2024ல் சட்டத்தையும் திருத்தினார்கள்.

"அப்போ நாலும் திறந்தாச்சு" என்றேன்.

"மூணு. ப்ராஸ் உச்சி மட்டும் இன்னும் மூடிதான் இருக்கு. அது நிறைய பேருக்குச் சொந்தம், எல்லாரும் ஒத்துக்கலை. பாதை அதைச் சுத்திக்கிட்டுப் போகும்."

தலைவிளக்கு வெளிச்சத்தில் அவன் குதிகாலைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

டெமோக்ராட், கேமரன், லிங்கன்

டெமோக்ராட் நன்றாகவே ஏமாற்றும். முதலில் ஒரு சேணம், அதாவது இரண்டு மலைகளுக்கு நடுவே குதிரை முதுகுபோல வளைந்து தாழ்ந்த இடம். அங்கிருந்து இடப்பக்கம் ஏறினால் உச்சி தெரியும். மூச்சு முட்ட அதை எட்டிப் பிடித்தால் அது உச்சியே இல்லை. உண்மையான உச்சி பின்னால் ஒளிந்து நிற்கும். பொய் உச்சிக்குப் பக்கத்தில் பழைய சுரங்கத்தார் குடிசையின் உளுத்த பலகைகள் கிடக்கின்றன. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்த உயரத்தில் யாரோ அன்றாடம் வேலைக்கு வந்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

14,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான். இதைப் படித்திருந்தேன். படிப்பது வேறு, பத்து எட்டு வைத்துவிட்டு முட்டியில் கை ஊன்றி நிற்பது வேறு. மலை நடைக்கு நேரம் கணிக்க நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892ல் சொன்ன ஒரு சூத்திரம் உண்டு: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். அந்தக் கணக்கில் இந்தச் சுற்றுக்கு நாலு மணி நேரம் போதும். எங்களுக்கு ஏழு ஆனது. அதில் ஒரு மணி நேரமாவது நான் நின்ற நேரம். நண்பன் ஒருமுறைகூட "வா வா" என்று சொல்லவில்லை. நான் நிற்கும்போது அவனும் நிற்பான். எதையாவது எண்ணிக்கொண்டிருந்திருப்பான்.

டெமோக்ராட்டிலிருந்து சேணத்துக்கே திரும்பி இறங்கி, எதிர்ப்பக்கம் கேமரன் ஏறினோம். உச்சி என்றால் கூராக இருக்கும் என்ற எண்ணம் கேமரனில் உடைந்துபோகும். அது ஒரு கல் மைதானம். எங்கே நின்றால் உச்சி என்று தெரியாமல் நாலைந்து இடத்தில் நின்று பார்த்தேன். "இது கணக்குலயே வராது தெரியுமா?" என்றான் அவன். 14,238 அடி, டெமோக்ராட்டைவிட உயரம், ஆனாலும் வராது. பக்கத்து மலையோடு சேரும் சேணத்திலிருந்து குறைந்தது 300 அடி எழும்பி நின்றால்தான் அது தனி மலை என்பது அங்கே எழுதாத விதி. கேமரனுக்கும் லிங்கனுக்கும் நடுவே உள்ள பள்ளம் அதில் பாதி ஆழம்தான். அதனால் கேமரன் லிங்கனின் தோள். இந்த விதிப்படி எண்ணினால் மாநிலத்தில் 53 ஃபோர்ட்டீனர், பெயர் இருப்பதையெல்லாம் சேர்த்தால் 58. இன்னொரு கூட்டம் இருக்கிறது. 3,000 அடியாவது கீழேயிருந்து ஏறி வந்தால்தான் மலை ஏறியதாக அர்த்தம் என்பார்கள். அவர்கள் கணக்கில் கைட் ஏரியில் கார் நிறுத்திய நாங்கள் டெமோக்ராட்டையே ஏறவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலடியில் இருக்கும் மலையைக் காகிதத்தில் இல்லையென்று ஆக்கிவிடும் சாமர்த்தியம்! அந்தக் காலை நேரத்தில், அந்தக் கல் மைதானத்தில், நான் ஒரு பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். மலைக்கு எண் கிடையாது, பூமியில் ஒரு மடிப்பு அவ்வளவுதான், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட்டது மனிதன், கோடு போட்டவனே அதில் மாட்டிக்கொண்டான், இப்படியெல்லாம். மூச்சு வாங்கியதால் வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி. அது என் பேச்சுக்கு ஒரு கனத்தைக்கூடக் கொடுத்திருக்கலாம். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, லிங்கன் போலாமா?" என்றான்.

லிங்கன்தான் அன்றைக்கு எனக்குப் பிடித்த மலை. மற்றவற்றைப்போல மொட்டையாக இல்லாமல், ஒரு பாறைக் கூம்பில் போய் முடிகிறது. கீழே மான்ட்கோமரி நீர்த்தேக்கம் பச்சையாக ஒரு துண்டு. நாங்கள் போன வரிசையில் அதுதான் உயரமானது, 14,286 அடி. லேசர் அளவீட்டில் இப்போது ஏழு அடி கூடியிருக்கிறதாம். நண்பன் கோப்பில் இரண்டு உயரமும் இருக்கின்றன. அங்கே கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பாறை இடுக்கிலிருந்து பைகா என்ற எலி மாதிரி ஒரு முயலினம் கீச்சிட்டது. அப்போது மணி ஒன்பதரை. எனக்குத் தலை லேசாக வலிக்க ஆரம்பித்திருந்தது. சொல்லவில்லை.

பலகை

லிங்கனிலிருந்து திரும்பி, கேமரனின் விலாவை ஒட்டி ப்ராஸ் பக்கமாக இறங்கியபோது மேற்கே பஞ்சுப்பொதி மாதிரி மேகங்கள் திரளத் தொடங்கியிருந்தன. ஜூலை, ஆகஸ்டில் அந்த மலைகளில் மதியத்துக்கு முன் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பார்கள். மதியம் இடியும் மின்னலும் அநேகமாக நிச்சயம். ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. ஆனால் மேகம் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. காற்று அடியோடு நின்றுவிட்டது. கால் வைத்தால் சரளைக்கல் நறநறவென்று நொறுங்கும் ஓசை மட்டும்.

ப்ராஸின் தோளுக்கு வந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் போனால் சுற்றிக்கொண்டு இறங்கும் வழி. இடப்பக்கம் உச்சிக்கு. இடப்பக்க வழியில் ஒரு பலகை: தனியார் நிலம், உச்சிக்கு அனுமதி இல்லை. அதன் பின்னால் நன்றாகத் தேய்ந்த ஒரு தடம். பலகையைவிடத் தடத்துக்கு வயது அதிகம் என்று பார்த்தாலே தெரிந்தது. எங்கள் கண்முன்னாலேயே மூன்று பேர் பலகையை ஏறெடுத்தும் பார்க்காமல் மேலே போனார்கள். உச்சி ஒரு மொண்ணை மேடு. அவ்வளவு பக்கம். கையை நீட்டினால் தட்டிக்கொடுக்கலாம் போல.

நண்பன் போவான் என்றுதான் நினைத்தேன். நாலு மலைக்கு வந்தவன், எக்செல் கோப்பு வைத்திருப்பவன். அவன் போனால், "பாத்தியா, எண்ணிக்கைப் பைத்தியம் எங்க கொண்டுபோய் விடுதுன்னு" என்று சொல்லக்கூட ஒரு வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது.

அவன் பையை இறக்கிவைத்துவிட்டு வலப்பக்கப் பாதையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். "தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றான்.

"மேல போகலையா?"

"கையெழுத்துப் போட்டிருக்கோமே."

"அவங்க போறாங்க."

"போகட்டும்."

"யாருக்குடா நஷ்டம்? அங்க என்ன வீடா இருக்கு?"

"இது நாளைக்கு மறுபடி மூடினாங்கன்னா, நம்மள மாதிரி ஆளுங்களாலதான் மூடுவாங்க" என்றான். குரலில் எந்த அழுத்தமும் இல்லை. வானிலை அறிக்கை மாதிரி சொன்னான். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடி ஷூவுக்குள் புகுந்த கல்லைத் தட்ட ஆரம்பித்தான்.

எனக்குள் என்ன நடந்தது என்பதை இன்றுவரை நேராக எழுதிப் பார்க்க முயன்றுகொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன் மலைக்கு எண் கிடையாது என்று முழங்கியவன் நான். இப்போது எனக்கு நாலாவது வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக அல்ல. பந்தியில் கடைசியாக ஒரே ஒரு இனிப்பு இருந்து, அது பக்கத்து இலைக்குப் போவதைப் பார்க்கும் குழந்தைக்கு வருமே, அந்த மாதிரி. ஹூஸ்டனிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், இவன் நினைத்தால் அடுத்த வாரமே வரலாம், நான் எப்போது வரப்போகிறேன் என்று கணக்கு ஓடியது. உயரம் போகப்போகப் புத்தி மந்தமாகும் என்பார்கள். அதன்மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நிமிடத்தில் என் புத்தி கூர்மையாகவே வேலை செய்தது. "ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்" என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொடுத்தது அந்தப் புத்திதான்.

"ம்" என்றான், திரும்பாமல்.

பலகையைத் தாண்டினேன். ஒரு இருபது எட்டு, மிஞ்சிப்போனால் முப்பது. அதற்குள் நின்றுவிட்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் எனக்குப் பெருமை. ஆனால் அப்படி நடக்கவில்லை. மேலே போன மூன்று பேரில் ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தார், "நீயும் நானும் ஒன்று" என்கிற மாதிரி. நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். எனக்கு அந்தக் கண்ணடிப்பு பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கீழே நண்பனின் முதுகு. ஷூவை இன்னும் மாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். மேற்கே முதல் முறையாக இடி உருண்டது, மிக லேசாக. இறங்கிவிட்டேன்.

1955ல் கஞ்சன்ஜங்காவை முதன்முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி முன்னாலேயே நின்றுவிட்டார்கள். அது சிக்கிம் மக்களுக்குப் புனித மலை, உச்சியை மிதிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் அந்த மலையை ஏறவில்லை என்று யாரும் சொல்வதில்லை. விருந்தில் ‘நாலு’ என்று நான் சொன்னதற்கு நியாயம் தேடி இதைத்தான் காரில் நண்பனிடம் எடுத்துவிட்டேன். "அவங்க நின்னது உச்சிக்குச் சில அடி கீழ. நாம நின்னது எங்க?" என்றான். பிறகு, "அவங்க போகணும்னு நினைச்சிருந்தா யாரும் பார்த்திருக்கப் போறதில்ல" என்று ஒன்றைச் சேர்த்தான். ஏன் அதைச் சேர்த்தான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இறக்கம்

ப்ராஸிலிருந்து ஏரிக்கு இறங்கும் வழியைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அது பாதையே அல்ல, மலையின் மேல் கொட்டிவைத்த சரளை. இரண்டு எட்டு வைத்தால் மூன்று எட்டு சறுக்கும். நான் நாலு முறை விழுந்தேன். இதை நான்தான் எண்ணினேன். பாதி வழியில் ஆலங்கட்டி மழை பத்து நிமிடம் கடுகாகக் கொட்டியது. இடி கேட்டதும் அவன் விரலை மடக்கி நொடிகளை எண்ணிச் சொன்னான்: "பதினெட்டு. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நட." அன்றைக்கு முதல்முறையாக அவன் எண்ணுவது எனக்கு ஆறுதலாக இருந்தது. பன்னிரண்டே காலுக்குக் காரை அடைந்தோம். தலைவலி இறங்க இறங்கக் குறைந்து, ஆல்மாவைத் தாண்டியபோது காணாமல் போயிருந்தது.

ஹூஸ்டன் திரும்பிய பிறகும் அந்த மூன்றும் நாலும் விடவில்லை. ஒருநாள் இரவு ஃபோன் செய்து, "உன் கோப்புல என்னதான்டா போட்டிருக்க?" என்று கேட்டேன். "அனுப்புறேன், நீயே பாரு" என்றான்.

பார்த்தேன். டெமோக்ராட், லிங்கன் இரண்டுக்கும் எதிரே தேதி, நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கேமரனுக்கும் இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குள் ‘தோள்’ என்று ஒரு சொல். ப்ராஸ் வரிசையில் உச்சி தொட்ட நேரம் என்ற கட்டம் காலி. கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.

‘குறிப்பு: உச்சி இல்லை. காற்றில்லை. இவன் 62 எட்டு போய்த் திரும்பினான்.’